மூன்று வாரத்துக்கு ஒரு எண்ணெய் ஊசி

“ரத்தம் இஸ்துகினு இருக்கறவளுக்கு உள்ள நடக்கறது இன்னாமே தெரியும்? டாக்டரு சொன்னா கம்முனு படுத்துக்கோ.”

என் மாமியார் இதைச் சொன்னது ஸ்கேன் சென்டர் வாசலில், செருப்பைக் கழற்றிக்கொண்டே. எனக்குக் கல்யாணமாகி இரண்டரை வருடம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து ஏற்றிப் படம் எடுத்துப் பார்க்க வந்திருந்தோம். “எல்லா டெஸ்ட்டும் எனக்குத்தானா அத்தை? உங்க பையனுக்கும் ஒண்ணு எடுக்கலாமே” என்று நான் கேட்டதற்குத்தான் அந்தப் பதில். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் என் வயிற்றைப் பார்த்தார்கள்.

உள்ளே படுத்தேன். இரும்பு, குளிர், பிறகு அடிவயிற்றை யாரோ கைக்குள் வைத்து முறுக்கியதுபோல ஒரு வலி. எழுந்ததும் வாந்தி எடுத்தேன். குழாய் இரண்டும் திறந்தே இருந்தன. வெளியே வந்து சொன்னேன். அத்தை முகத்தில் நிம்மதி வரவில்லை. “அப்போ வேற எங்கியோ கோளாறு கீது” என்றார்.

நான் லேப் டெக்னீஷியன். ஆவடியில், பருத்திப்பட்டு ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி வளர்ந்தவள். அப்பா மூட்டை தூக்கினார். அம்மா பாதுகாப்புத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் நான்கு வீடுகளில் பாத்திரம் கழுவினாள். இரண்டு பேரும் கைநாட்டு. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும், உயரட்டும். பிளஸ் டூ முடித்து இரண்டு வருட டிப்ளமோ படித்து, முகப்பேரில் ஒரு சின்ன லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். குழந்தைக்குக்கூட முதல் குத்திலேயே நரம்பு பிடித்துவிடுவேன். அந்தக் கையைப் பற்றி எனக்குப் பெருமை அதிகம். அதனால்தான் இதை எழுதும்போது அந்தக் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

என் கணவருக்குக் கொரட்டூர். அந்தக் காலத்தில் நிலம் வைத்துப் பயிர் செய்த குடும்பம். இப்போது மிச்சம் இருப்பது ஒரு வீடும் பெருமையும். அவர் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இரும்புத் தகடு அழுத்துகிற பிரஸ் மெஷின் ஆபரேட்டர். கல்யாணமான புதிதில் மூன்று ஷிஃப்ட்டும் மாறி மாறி வந்தது. பிறகு ஆள் இல்லை என்று அவரை நைட் ஷிஃப்ட்டிலேயே போட்டுவிட்டார்கள். நாலைந்து மாதத்தில் மனிதர் பாதியாகிவிட்டார். தொப்பை வந்தது. பகலில் தூக்கம் வராமல் புரள்வார். என் பக்கம் திரும்புவதே இல்லை. கூட வேலை செய்கிறவர் ஒருவர், “மச்சான், அது ஹார்மோன் கொறைச்சல்டா, ஊசி போட்டா குதிரை மாதிரி ஆயிடுவ” என்று முகப்பேரில் ஒரு ஆண்கள் நல மையத்தைக் காட்டிக்கொடுத்தார். அங்கே நீளமாக ஒரு டெஸ்ட் லிஸ்ட் எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஒன்று டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன்.

“வேற லேப் எதுக்கு, நம்ம லேப்புக்கே வாங்க. காலைல எட்டு மணிக்குள்ள, வெறும் வயித்துல” என்றேன். அந்த டெஸ்ட்டுக்கு அதுதான் விதி. அந்த ஹார்மோன் காலையில்தான் அதிகமாக இருக்கும் என்று படித்திருக்கிறேன். அவர் சொன்னபடி வந்தார். ஏழு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து, யூனிஃபார்மோடு, கையில் மெஷின் ஆயில் வாசனையோடு. நான் கையில் ரப்பர் கட்டும்போதே நாற்காலியில் தூங்கிவிட்டார். தட்டி எழுப்பினேன். டியூபில் நேரம் எழுதினேன்: காலை ஏழு நாற்பது. எல்லாம் முறைப்படி. இந்த மாதிரிச் சின்ன விஷயத்தில் தப்பு பண்ணாதவள் நான் என்று அன்றைக்கும் நினைத்துக்கொண்டேன்.

அளவு குறைவாக வந்தது. ரிப்போர்ட்டை நானே பிரிண்ட் எடுத்து, நானே கவரில் போட்டுக் கொடுத்தேன். அந்த மையத்து டாக்டர் அதை ஒருமுறை பார்த்தார். இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. குழந்தை இருக்கிறதா, வேண்டுமா என்று கேட்கவில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி என்று எழுதினார்.

முதல் ஊசியை அங்கே போட்டார்கள். இரண்டாவதிலிருந்து நான். “கம்பவுண்டர்கிட்ட போயி பேன்ட்ட அவுக்க வெக்கமா கீது, நீயே போட்டுடு” என்றார். அந்த மருந்து தண்ணீர் மாதிரி இருக்காது. எண்ணெய். சிரிஞ்சில் ஏறவே நேரமாகும். உடம்பில் இறங்க இன்னும் நேரமாகும். அவர் பாயில் குப்புறப் படுப்பார், நான் இடுப்புக்குக் கீழே இடம் பார்த்து மெதுவாக இறக்குவேன். அத்தைக்கு அது சத்து ஊசி என்று சொல்லி வைத்திருந்தோம். மருந்து என்றாலே ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. ஒருநாள் பாட்டிலை எடுத்துக் கறிவேப்பிலைக் கட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். உள்ளே சர்க்கரை மாதிரி உறைந்துபோனது. சூடு காட்டினால் இளகும் என்று நான் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு, இட்லிப் பானையில், இட்லிக்கு நடுக்குழியில் வைத்து வேகவைத்துவிட்டார்.

“இன்னா மூஞ்ச சுளிக்கற? மூடி போட்டுதானே கீது” என்றார்.

அன்றைக்கு எல்லோரும் அந்த இட்லியைத் தின்றார்கள். நான் பசியோடு பஸ் ஏறினேன்.

முதல் மூன்று மாதம் நன்றாகவே இருந்தது. இதை மறைத்து எழுதினால் நான் பொய்க்காரி. அவர் எழுந்து நடந்தார், பழுதான மோட்டாரைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்தார், லீவு நாளில் என்னை வண்டியில் வைத்து ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய் சோளம் வாங்கிக் கொடுத்தார். ஜிம்முக்குப் போக ஆரம்பித்தார். எனக்கும் பிடித்திருந்தது. என் கையால் போட்ட ஊசி வேலை செய்கிறது என்று கர்வமாகக்கூட இருந்தது.

பிறகு முதுகில் தொடங்கியது. முதலில் பொரிப்பொரியாக, பிறகு கட்டிகட்டியாக. தலையணை உறையிலும் பனியனிலும் மஞ்சளும் சிவப்புமாகப் பொட்டுகள். எத்தனை முறை துவைத்தாலும் அந்த எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை. “ஏய், இங்க ஒண்ணு பழுத்துகினு கீது பாரு, அமுக்கி உடு” என்று முதுகைக் காட்டுவார். அடுத்தவர் சளி, மலம், சீழ் எல்லாம் கையாளுகிறவள் நான். ஆனால் அங்கே கையுறை இருக்கும், டப்பா மேல் பெயர் ஒட்டியிருக்கும். வீட்டில் என் படுக்கையில் அது என்னைத் தேடி வந்தது. குறட்டை சுவரைத் தாண்டிக் கேட்டது. மார்புக் காம்புக்கு அடியில் பொத்தான் மாதிரி ஒரு கட்டி வந்து, தொட்டால் கத்தினார். வெளியே தெரியாமலிருக்க இரண்டு பனியன் போட்டுக்கொண்டார். ஊசி போட்ட வாரம் ஆட்டோக்காரரோடும் பக்கத்து வீட்டோடும் சண்டை. மூன்றாவது வாரம் வாசலில் உட்கார்ந்து சும்மா கண் கலங்குவார். இன்னொன்றும் உண்டு. கீழே சுருங்கிப் போயிருந்தது. அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஒவ்வொன்றையும் அவர் அந்த மையத்தில் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். கட்டிக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று. “சைடு எஃபெக்ட்ட மேனேஜ் பண்றாங்கமே” என்று அந்த வார்த்தையைப் புதிதாகக் கற்றுக்கொண்டு வந்து சொன்னார். உப்பு, புளி வைக்கிற அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் கவர் நிறைய மேனேஜ் பண்ணுகிற மாத்திரைகள். ஊசியை நிறுத்திப் பார்ப்போம் என்று அந்த மையத்தில் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆறாவது மாதம் நானே அவர் ரத்தத்தை எடுத்துப் பார்த்தேன். டியூபில் ஏறும்போதே நிறம் சரியில்லை. கருஞ்சிவப்பு, வெல்லப்பாகு மாதிரி கனம். கண்ணாடிச் சில்லில் இழுத்தால் பரவாமல் திட்டாக நின்றது. சிவப்பணு அளவு எங்கேயோ ஏறியிருந்தது. ரத்தம் இவ்வளவு கெட்டியானால் எங்கேயாவது உறைந்து அடைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தெரியும். பயந்துபோய் அந்த மையத்துக்கு நானே போன் செய்தேன். “ஒண்ணும் பயப்படாதீங்க, ரத்த தானம் பண்ணச் சொல்லுங்க, இறங்கிடும்” என்றார்கள்.

அந்த வாரம் எங்கள் தெருமுனையில் ஒரு தலைவரின் பிறந்தநாளுக்கு ரத்ததான முகாம் போட்டிருந்தார்கள். ஜிம்மிலிருந்து ஐந்தாறு பேர் ஒன்றாக வந்தார்கள். எல்லோர் கழுத்துக்குப் பின்னாலும் அதே கட்டிகள், எல்லோர் முகத்திலும் அதே எண்ணெய். படிவத்தில் ‘ஏதாவது மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா’ என்ற கேள்விக்கு என் கணவர் ‘இல்லை’ என்று எழுதியதைப் பின்னால் நின்று பார்த்தேன்.

“ஏங்க, பொய் எழுதறீங்களே.”

“அட போமே, ஊருக்கு நல்லது, எனுக்கும் நல்லது. ஒரே கல்யாணத்துல ரெண்டு மொய்.”

மைக்கில் அவர் பெயரை வாசித்தார்கள். சால்வை போட்டார்கள். சான்றிதழை அத்தை ஃப்ரேம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். “எம்புள்ள ரத்தம் குடுத்து உசுர காப்பாத்தறான்” என்று பால் வாங்கப் போன இடமெல்லாம் சொன்னார். தினமும் விளக்கேற்றும்போது அந்தச் சான்றிதழ் என் கண்ணில் படும். வேண்டாத கெட்டி ரத்தத்தைக் கொட்ட ஒரு இடம் கிடைத்ததற்குப் பெயர் தானம். சாமி கும்பிடவே பிடிக்காமல் போனது.

இந்த லட்சணத்தில்தான் குழந்தைப் பேச்சு கிளம்பியது. அத்தைக்கு அதில் சந்தேகமே இல்லை. “எம்புள்ளய பாரு. தோளு, தாடி, கொரலு. சிங்கமாட்டம் கீறான். கோளாறு எந்தப் பக்கம் கீதுன்னு கண்ணாலயே தெர்தே” என்று என் அம்மாவிடமே சொன்னார். அம்மா டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது. அத்தை என்னைக் கூட்டிப்போன பெண்கள் மருத்துவர், கணவருக்கும் விந்துப் பரிசோதனை செய்யுங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அத்தை அந்தச் சீட்டை மடித்து இடுப்பில் செருகினார். அடுத்த முறை மருத்துவர் கேட்டபோது, நான் வாய் திறக்குமுன், “அதெல்லாம் பாத்தாச்சும்மா, சோக்கா கீது” என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். பதினைந்து பேர் காத்திருக்கிற இடத்தில் கதவு பாதி திறந்திருந்தது. வெட்கம் என் வாயைக் கட்டிவிட்டது.

அதற்குப் பிறகுதான் குழாய் டெஸ்ட். அதுவும் சரியாக இருக்கவே, தொப்புளில் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்க்கிற ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். மயக்க ஊசி, ஒருநாள் படுக்கை. நான் தலையாட்டினேன்.

தேதிக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊசி நாள். மருந்துக் கடையில் வழக்கமான கம்பெனி மருந்து இல்லை என்று வேறு ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அளவு ஒன்றுதானா என்று பார்க்கப் பெட்டியைப் பிரித்தேன். உள்ளே ஒரு தாள், கைவிரல் அகலத்துக்கு மடித்தது. இதுவரை பெட்டியோடு சேர்த்து அவர் தூக்கிப்போட்டது. விரித்தால் பாய் மாதிரி விரிந்தது, எறும்பு எழுத்து, இங்கிலீஷ். அடுப்படியில் நின்றபடியே படிக்க ஆரம்பித்தேன். அளவு, போடும் விதம், யாருக்குப் போடக்கூடாது. பிறகு ஒரு வரி. இந்த மருந்து விந்தணு உற்பத்தியை அடக்கும்.

திரும்பப் படித்தேன். மூன்றாவது முறை விரலை வைத்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டிப் படித்தேன். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், உடம்பு தன் வேலையை நிறுத்திக்கொள்கிறது. விதை சுருங்குவதும் அதனால்தான். ஒன்றரை வருடம். எத்தனை ஊசி என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டேன். எல்லாம் நான் போட்டது. மாதாமாதம் தீட்டு வந்ததும் பாத்ரூமில் உட்கார்ந்து அழுதுவிட்டு, அதே கையைக் கழுவிக்கொண்டு வந்து, இடம் பார்த்து, காற்றுக் குமிழ் போகத் தட்டி, மெதுவாக இறக்கியிருக்கிறேன்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அத்தை வந்து அணைத்தார். “படிச்சவ அடுப்படியில நின்னா இப்டித்தான்” என்றார். அன்றைக்கு என் கணவருக்கு ஊசி போடவில்லை. மருந்தில் ஏதோ சந்தேகம், கேட்டுவிட்டுப் போடுகிறேன் என்றேன்.

அந்த வாரமே லேபில் இன்னொரு அடி விழுந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்க்கிற ஒரு ஆண் நர்ஸ் அதே டெஸ்ட்டுக்கு வந்தார். மத்தியானம் மூன்று மணி. “இதுக்குக் காலைல வரணும் சார்” என்று என் வழக்கமான மிடுக்கோடு சொன்னேன். அவர் தன் ஹார்மோன் டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டினார். ‘இரவுப் பணியாளர். தொடர்ந்து தூங்கி எழுந்து இரண்டு மணி நேரத்துக்குள் எடுக்கவும். வேறொரு நாளில் மறுபடி எடுக்கவும்.’

“எனக்கு இதுதாம்மா காலை. இப்பதான் எழுந்து பல் விளக்கிட்டு வரேன்” என்று சிரித்தார்.

நான் டியூபைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் கணவருக்கு அந்தக் காலை ஏழு நாற்பது எந்த நேரம்? ராத்திரி முழுக்க இரும்புத் தகட்டை நசுக்கிவிட்டு, கண் மூடாமல், நாற்காலியில் சரிந்து விழுந்த நேரம். கடிகாரம் காலை என்றது, நானும் காலை என்று எழுதினேன். எஸ்டேட்டில் பாதிப் பேர் இப்படித்தான் எங்கள் லேபுக்கு வருகிறார்கள். ஷிஃப்ட் முடிந்து, சாப்பிடாமல், நேராக. வெறும் வயிறு, எட்டு மணிக்குள். இதைவிடச் சரியான நோயாளி கிடையாது என்று நாங்களே அவர்களை மெச்சுவோம். அவருக்கு உண்மையிலேயே குறைபாடு இருந்ததா, தூக்கம்தான் இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரே ஒரு டெஸ்ட், அதையும் தப்பான நேரத்தில் எடுத்தது நான்.

அந்த மையத்துக்கு நேரில் போனேன். தாளை டாக்டர் மேஜையில் விரித்தேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

“குழந்தை வேணும்னு உங்க ஹஸ்பெண்ட் சொல்லவே இல்லையேம்மா.”

“நீங்க கேட்டீங்களா சார்?”

“கல்யாணம் ஆன ஆளு, வந்து எனர்ஜி இல்லைன்னு சொன்னா எனர்ஜிக்குத்தான் ட்ரீட்மென்ட். சரி விடுங்க, அதுக்கும் ஒரு ஊசி இருக்கு. இதோட சேர்த்துப் போட்டுக்கலாம். மேனேஜ் பண்ணிடலாம்.”

சுவரில் சட்டையில்லாமல் முதுகைக் காட்டி நிற்கிற ஆணின் படம். அதன் முதுகில் ஒரு கட்டிகூட இல்லை. எனக்கு வாயில் உமிழ்நீர் ஊறியது, துப்ப வேண்டும் போல. கீழே தெருவுக்கு வந்து துப்பினேன்.

என் கணவரிடம் ஒரு மத்தியானம் சொன்னேன். தூங்கி எழுந்து உட்கார்ந்திருந்தார். அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தார். தாளை அவர் மடியில் வைத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். என் தப்பையும் சொன்னேன், அந்த ஏழு நாற்பதை. கத்துவார் என்று நினைத்தேன். தாளை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“நிறுத்தினா மறுபடி பொணமாட்டம் ஆயிடுவேன்” என்றார்.

“ஹார்மோன் டாக்டர்கிட்ட போலாம். நைட் ஷிஃப்ட்ட மாத்தச் சொல்லி லெட்டர் வாங்கலாம். இது எதுவும் அவங்க பாக்கவே இல்லைங்க.”

“அம்மாக்கு தெரியக் கூடாது.”

“அடுத்த வாரம் எனக்கு ஆபரேஷன்.”

“அது சும்மா கேமராதானே? ஒரு நாளு. போயிட்டு வந்துடு. கொஞ்ச நாளு உம்பேர்லயே இருக்கட்டுமே. உன்ன யாரு இன்னா சொல்லப் போறாங்க? ஆம்பளைக்குன்னா வெளிய தல காட்ட முடியாதுமே.”

இதைச் சொல்லும்போது அவர் என் கையைப் பிடித்தார், கெஞ்சுகிற மாதிரி. உள்ளங்கை ஈரமாக, பிசுபிசுவென்று இருந்தது. சீழ், இட்லிப் பானை, கெட்டி ரத்தம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட எனக்கு அந்த ஈரத்தைத்தான் தாங்க முடியவில்லை. கையை உருவிக்கொண்டு போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன். என் வயிற்றைத் துளைபோடக் கொடுத்து அவர் பெயரைக் காப்பாற்ற வேண்டும். அதை அவர் ஒரு பெரிய விஷயமாகக்கூட நினைக்கவில்லை.

“டெஸ்ட்டுக்குக் குடுங்க. இல்லைன்னா அத்தை வந்ததும் இப்பவே சொல்லுவேன்” என்றேன்.

“வேற யாரும் பாக்கக் கூடாது. நீயே பாரு.”

மறுநாள் லேபில் மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் நானே பார்த்தேன். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு, மேலே மூடி, மைக்ராஸ்கோப்பை இறக்கினேன். சாதாரணமாக அந்த வட்டத்துக்குள் மழைத்தண்ணீரில் தலைப்பிரட்டைகள் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றுமில்லை. சில்லை நகர்த்தினேன். அங்கும் இல்லை. மேலே, கீழே, ஓரத்தில், வரிசை தப்பாமல் நகர்த்திக்கொண்டே போனேன். மிச்சத்தை மெஷினில் சுழற்றி அடியில் தங்கியதை எடுத்து மறுபடி பார்த்தேன். வெறும் துகள்கள். ஒன்றரை வருடமாக நான் விரதம் இருந்தது, வேண்டிக்கொண்டது, கால் விரித்துப் படுத்தது எல்லாம் இந்த வெற்று வட்டத்துக்காக. கண் நிறைந்து லென்ஸ் மங்கியது. துடைத்துவிட்டு ரிப்போர்ட் அடித்தேன். எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ‘காணப்படவில்லை’ என்று போட்டேன்.

எனக்கு ஆபரேஷன் செய்ய இருந்த பெரிய ஆஸ்பத்திரியின் ஹார்மோன் பிரிவுக்குப் போன் செய்தபோது, அடுத்த ஊசி போட வேண்டாம், எல்லா ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வாருங்கள் என்றார்கள். நிறுத்தினால் திரும்பி வருமா என்று கேட்டேன். பலருக்கு வரும், மாதக்கணக்கில் ஆகும், உறுதி சொல்ல முடியாது என்று ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொன்னது. அந்த மையத்தில் யாரும் இவ்வளவு நேர்மையாக என்னிடம் பேசியதில்லை.

கணவரிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஊசி இனிமேல் என் கையால் இல்லை. ஆபரேஷனுக்கு நான் படுக்கப் போவதில்லை; அத்தை கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன். “ரெண்டு நாளு டைம் குடு, நானே சொல்றேன்” என்றார். கொடுத்தேன். இரண்டு நாள் நாலு நாளானது. அவர் சொல்லவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கினார்.

நேற்று மயக்க மருந்து டாக்டரைப் பார்த்து ஒப்புதல் வாங்குகிற நாள். அத்தை என்னோடு வந்தார், எலுமிச்சம்பழமும் திருநீறும் பையில் வைத்துக்கொண்டு. கவுன்டரில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆபரேஷனை ரத்து செய்ய வேண்டும் என்றேன். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து ஒரு தாளை நீட்டினாள். பெயர், வயது, தேதி. கீழே காரணம் என்று ஒரு கட்டம், இரண்டு வரிக்கு இடம். சொந்தக் காரணம் என்று எழுதினால் போதும், எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்றாள்.

நான் அந்த இரண்டு வரியும் நிறைய எழுதினேன். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. “இன்னாடி, இம்மாம் பெருசா எழுதற?” என்று தோள் மேல் எட்டிப் பார்த்தார்.

படித்துக் காட்டினேன். மெதுவாக, அவருக்குப் புரிகிற மாதிரி, கவுன்டருக்குப் பின்னால் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி: என் பரிசோதனைகள் எல்லாம் சரியாக உள்ளன. என் கணவர் போட்டுக்கொண்ட ஹார்மோன் ஊசியால் விந்தணு இல்லை. முதலில் அவருக்குத்தான் சிகிச்சை தேவை.

“அடிப்பாவி, இன்னாடி பேத்தற” என்றார் அத்தை. அவர் குரல் பாதியில் தேய்ந்தது. பையிலிருந்து பரிசோதனைத் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டு உள்ளே தள்ளினேன். அந்தப் பெண் முத்திரை குத்தி நகலைத் தந்தாள். அங்கேயே ஹார்மோன் பிரிவுக்குத் திங்கட்கிழமை காலைக்கு, என் கணவர் பெயரில் டோக்கன் போட்டு வாங்கிக்கொண்டேன்.